நாட்டுப் பாட்டு எண்டா எந்த நாடு, தம்பி?

மேடை அனுபவம் எழுதச் சொன்னீர்கள். நான் மேடையில் நின்றது இருபது நிமிடம்தான், ஆனால் கதை கொஞ்சம் நீளம்.

நான் கிளிநொச்சிக்காரன். எந்த இசைக்குழுவிலும் இல்லை. ஒரு கிற்றார், நானே எழுதிய பத்துப் பன்னிரண்டு பாட்டு, அவ்வளவுதான். என்ன பாணி என்று கேட்பவர்களுக்கு ‘கன்ட்ரி’, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி, என்று சொல்வேன். வன்னியில் பிறந்தவனுக்கு அது எப்படிப் பிடித்தது என்றால், காரணம் என் மாமா. கொழும்பில் வேலை பார்த்தவர், 83 கலவரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். கொண்டுவந்த சாமான்களுக்குள் அமெரிக்கக் கன்ட்ரிப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் கசெற் இரண்டு இருந்தன. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஜிம் ரீவ்ஸ் வீட்டு ஆள் மாதிரி. மனிதர் 1964 இலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

1996 இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம் போனபோது எனக்கு எட்டு வயது. மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் வரும் கரண்டில் கசெற் ஓடும். சுற்றுவது என் வேலை. கை உளைந்தால் ஜிம் ரீவ்ஸின் குரல் இழுபட்டு, அடித்தொண்டைக்குப் போய், மாடு கத்துவதுபோல ஆகிவிடும். ‘சுத்தடா, மனுசன் சாகப்போறார்’ என்று மாமா சத்தம் போடுவார்.

கன்ட்ரிப் பாட்டில் ரயில் வராமல் இருக்காது. அந்த இசையின் முன்னோடிகளில் ஒருவரான ஜிம்மி ரொஜர்ஸ், 1927 இல் டென்னசி எல்லையில் உள்ள பிரிஸ்டலில் முதல் இசைத்தட்டுக்குப் பாடும் முன் ரயிலில் பிரேக் போடும் வேலை பார்த்தவர். சரி, எங்களுக்கு ரயில் ஏது? வவுனியாவுக்கு வடக்கே 1990 இல் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன. நான் சிலிப்பர் கட்டையை முதலில் பார்த்தது பங்கருக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டுதான். அது ரயிலுக்குக் கீழே கிடக்க வேண்டிய சாமான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். 2013 செப்ரெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது எனக்கு 25 வயது. அன்று இரவு எழுதிய பாட்டைத்தான் இன்றைக்கும் முதலில் பாடுகிறேன். அதில் இரண்டு வரி:

கட்டைக்குக் கீழ படுத்திருந்தம்
ரயில் வருமெண்டு ஆர் கண்டது

இனித் திருவிழாவுக்கு வருகிறேன். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு கோயில். இசைக்குழு வரும் இரவில், தவில் நாதஸ்வரம் முடிந்து குழுக்காரர் சாமான் பூட்டும் இடைவெளியில் இருபது நிமிடம் தரலாம் என்றார்கள். அதாவது, சனம் எழும்பிப் போகாமல் பிடித்து வைப்பதற்கு ஒரு ஆள். பரவாயில்லை, மேடை மேடைதானே.

முதல்நாள் தலைவர் ஐயா தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, நீர் நாட்டுப் பாட்டுப் பாடுறனீராம்?”

“ஓம் ஐயா, அந்த மாதிரித்தான்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “நாட்டுப் பாட்டு எண்டா… எந்த நாடு, தம்பி?”

அவர் எதைக் கேட்கிறார் என்று வன்னியில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாட்டு முடிய யாரும் வந்து பெயர், விலாசம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். “அமெரிக்கா, ஐயா” என்றேன்.

“அப்ப பிரச்சினை இல்லை” என்று வைத்துவிட்டார்.

ஆனால் அவர் இந்தத் தகவலை அப்படியே அறிவிப்பாளரிடம் கொடுத்திருக்கிறார். மாங்குளத்தால் திரும்பி, ஒட்டுசுட்டான் தாண்டி, மோட்டார் சைக்கிளில் புழுதி குடித்துக்கொண்டு போய் இறங்கினால், ஒலிபெருக்கியில், “அமெரிக்காவிலிருந்து வருகை தந்திருக்கும் பாடகர் இன்னும் சற்று நேரத்தில்…” சனம் வெள்ளைக்காரனையோ, குறைந்தது ஒரு ஹையேஸ் வானையோ தேடிக்கொண்டிருந்தது. நான் பாட்டாச் செருப்போடு மேடையேறினேன். முன்வரிசையில் ஒரு பொடியன் என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்பக் காலைப் பார்த்தான்.

அடுத்தது சவுண்ட்ஸ். என் கிற்றாரில் சத்தத்தை நேரே வயரால் அனுப்பும் பிக்கப் கிடையாது, மைக்தான் வைக்க வேண்டும். சவுண்ட்ஸ்காரத் தம்பி மைக்கைக் கிற்றாரின் ஓட்டைக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். சத்தம் அங்கேதானே வருகிறது என்பது அவர் கணக்கு. ஆனால் ஸ்பீக்கர்ச் சத்தம் அந்த வயிற்றுக்குள் போய், மைக்கால் திரும்ப ஸ்பீக்கருக்கே வந்து, சுற்றிச் சுற்றிக் கூவத் தொடங்கிவிடும். கூவியது. கோயில் நாயெல்லாம் கூடக் கூவியது. மைக்கைக் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்துக்கு, பன்னிரண்டாவது கட்டை (ஃப்ரெட்டை)ப் பார்த்து நகர்த்தச் சொன்னேன். பேஸைக் குறைக்கச் சொன்னேன். அது சரிவந்தது. எக்கோவைக் குறைக்கச் சொன்னதுதான் சரிவரவில்லை. “எக்கோ இல்லாட்டிப் பாட்டு மாதிரி இராது அண்ணை” என்றார். விட்டுவிட்டேன்.

முதல் பாட்டில் பாதிச் சனம் கதைத்துக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் வானுக்குப் பக்கத்தில் நின்ற பெடியள் “அண்ணை, ஒரு குத்துப் பாட்டு!” என்றார்கள். அவர்களில் பிழையில்லை. ஜி, சி, டி என்று மூன்று கோர்ட்டில் சாவகாசமாக நகரும் பாட்டு, விசில் அடிக்கத் தோதாக இருக்காது.

பாயில் இருந்த பெண்கள் பக்கம் வேறு. ‘கட்டைக்குக் கீழ’ என்ற வரி இரண்டாம் முறை வந்தபோது ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த எக்கோவில் ‘படுத்திருந்தம்… திருந்தம்… தம்’ என்று போனது பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நாலு பாட்டுப் பாடினேன். கைதட்டு வந்தது, குழு தயார் என்பதற்கான கைதட்டா என்று தெரியவில்லை.

இறங்கிக் கிற்றாரை உறைக்குள் வைக்கும்போது அந்த அம்மா வந்தார். பாட்டு நல்லது, கெட்டது என்று ஒன்றும் சொல்லவில்லை.

“உங்களுக்குச் சிலிப்பர் கட்டையோ? எங்கட பங்கருக்குப் பனங்குற்றி, தம்பி. மழைக்குப் பூரான் வந்திடும்.”

பக்கத்தில் நின்றவர், தங்களுடையதற்குத் தென்னங்குற்றி என்றார். எது உறுதி என்று அங்கேயே ஒரு வாக்குவாதம். குழுக்காரர் கீபோட்டில் முதல் அடி அடிக்கும் வரைக்கும் அது ஓடியது.

திரும்பும்போது யானைக்குப் பயந்து ஒட்டுசுட்டானில் தங்கி, விடியத்தான் வெளிக்கிட்டேன்.

*

வவுனியாவிலிருந்து ஒரு கீபோட்காரர்:

தம்பி, அந்த இடைவெளியில் சாமான் பூட்டுகிற ஆள் நான். (உங்கள் நிகழ்ச்சியில் இல்லை.) சொந்தப் பாட்டுப் போட எனக்கும் ஆசை. குழுவில் விட மாட்டார்கள். துண்டு எழுதி மேடைக்கு வருவதெல்லாம் படப் பாட்டுத்தான். ஒருமுறை நெடுங்கேணிப் பக்கம் ஒரு திருவிழாவில், “இனி வரப்போகும் படத்திலிருந்து ஒரு பாடல்” என்று பொய் சொல்லி, என் மெட்டு ஒன்றைப் பாட வைத்தேன். விசில் பறந்தது. அடுத்தநாள் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெடியன், “அண்ணை, அந்தப் படத்தில ஹீரோ ஆர்?” என்றான். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். இப்போதும் என்னைக் கண்டால், படம் எப்ப வருகுது என்று கேட்கிறான்.

*

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு ரீச்சர்:

நாட்டுப் பாட்டு என்றதும் எனக்கு எங்கள் அப்பப்பாதான் நினைவு வந்தார். நெல் அறுக்கும்போது பாடும் அருவி வெட்டுப் பாட்டு அவருக்கு விடிய விடிய வரும். பள்ளிக்கூடக் கலைவிழாவுக்குக் கூட்டிப்போய் மைக்குக்கு முன்னால் நிறுத்தினோம். ஒரு வரி வரவில்லை. வியர்த்துக் கொட்டியது. கடைசியில், “பிள்ளை, கையில ஒண்டுமில்லாமல் எப்பிடிப் பாடுறது?” என்றார். காவலாளியிடம் புல்லு வெட்டும் அரிவாள் வாங்கிக் கொடுத்தோம். குனிந்தார், பாட்டு வந்தது. குனிந்ததால் மைக்கில் ஒன்றும் விழவில்லை என்பது வேறு கதை. இப்போது எங்கள் வயலுக்கு வெட்டு மெசின் வருகிறது. அவர் வரம்பில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

*

முதலில் எழுதியவன் மீண்டும்:

ரீச்சர், அப்பப்பாவின் பாட்டை எடுப்பதென்றால் குட்டி மைக் ஒன்றைச் சட்டையில் குத்திவிடலாம், என்னிடம் இருக்கிறது. சிறுபோகம் வெட்டும் நாளில், மெசின் வர முன்னம் ஒரு மூலையை மட்டும் கையால் வெட்ட விடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். கிற்றார் கொண்டு வரமாட்டேன்.

எவ்வளவு தந்தார்கள் என்று தனியாகக் கேட்டவருக்கு: கவருக்குள் மூவாயிரம், கூடவே ஒரு பை வடையும் மோதகமும். பெற்றோல் போக மிஞ்சியதில் ஒரு செற் கம்பி வாங்கினேன். மூன்றாவது கம்பி அறுந்துவிட்டது.