மழையிலும் காற்றிலும் ஸ்மோக்கரில் (கறியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் அடுப்பு) கறி போட்ட அனுபவம் இருக்கிறதா?

மழையைவிட, குளிரைவிட, ஸ்மோக்கரைப் படுத்தியெடுப்பது காற்றுதான். குளிர் ஒரே சீராக இருக்கும், கரியைக் கொஞ்சம் கூடப் போட்டுச் சமாளித்துவிடலாம். காற்றை நம்ப முடியாது. ஒரு நேரம் மூடியின் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். அடுத்த வீச்சில் கீழ்த் துளை வழியே புகுந்து கரியை ஊதிவிடும். 110 டிகிரியில் நின்ற முள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 150-ஐத் தொட்டது. காற்று வரும் பக்கத்துத் துளையை முக்கால்வாசி மூடி, சற்றுத் தள்ளி ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்திய பிறகுதான் மெல்ல இறங்கியது.

அப்புறம் தூறல். என்னுடையது மெல்லிய இரும்புத் தகடு. துளி ஒவ்வொன்றும் மூடியில் சுர்ரென்று ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கறியின் உள்சூடு 68-இல் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல வெயிலிலும் இந்தத் தேக்கம் வரும்தான், கறியின் ஈரம் ஆவியாகி அதையே குளிர்விக்கிறது. ஆனால் நனைந்துகொண்டு காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. ஃபாயிலில் இறுகச் சுற்றி, வீட்டு ஓவனில் 120-இல் வைத்துவிட்டேன். சுற்றிய பிறகு புகை உள்ளே போகப்போவதில்லை, எந்த அடுப்பின் சூடாக இருந்தால் என்ன? இதைக் கள்ளாட்டம் என்பவர்கள் குடையோடு நிற்கட்டும். உள்சூடு 95 வந்ததும், வெந்ததா என்று குத்திப் பார்த்த கம்பி தடையே இல்லாமல் இறங்கியது.

—

என்னுடையது பெல்லட் ஸ்மோக்கர். காற்றை அது பார்த்துக்கொள்ளும், ஈரம்தான் ஆகாது. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகள்தானே, தண்ணீர் பட்டால் உப்பி மறுபடி தூளாகிவிடும். இரவு மழையில் தொட்டிக்குள் நீர் கசிந்து, பெல்லட்டைத் தள்ளும் திருகில் தூள் இறுகி, நெருப்பே அணைந்துவிட்டது. காலையில் கறி வெதுவெதுப்பாக இருந்தது. 4 டிகிரிக்கும் 60-க்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்ததோ! மனசு கேட்கவில்லை, ஆனாலும் குப்பைக்குத்தான் போனது.

—

மழைக்குப் பயந்து ஸ்மோக்கரைக் கார் ஷெட்டுக்குள் மட்டும் தள்ளிவிடாதீர்கள். என் மச்சான் தள்ளினார், கதவு திறந்துதானே இருக்கிறது என்று. கொஞ்ச நேரத்தில் தலைவலி, குமட்டல். புகை கண்ணுக்குத் தெரியும், கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இழுத்து வெளியே உட்கார வைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். இப்போது அவர் வீட்டு முற்றத்தில் நாலு கம்பம், உயரத்தில் ஒரு தகரக் கூரை, எல்லாப் பக்கமும் திறப்பு.