கேரவனில் கேஸும் வெந்நீரும் தீராமல் சமாளிப்பது எப்படி?

வணக்கம். பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதுகிறேன். ஜனவரியில் கேரவனை வாடகைக்கு எடுத்து ஊட்டிப் பக்கம் போகிறோம், மாமியார், பிள்ளைகள் சகிதம். அடுப்புக்கும் கீசருக்கும் சேர்த்து ஒரே ஒரு 5 கிலோ சிலிண்டர்தான்.

சமையலைச் சமாளித்துவிடுவேன். குக்கரில் இரண்டு விசில் விட்டு அணைத்தால் மிச்சம் தானாக வெந்துவிடும். குளியல்தான் தலைவலி. கீசர் தொட்டி 10 லிட்டர். வண்டியைப் பார்க்கப் போனபோது ஷவரைத் திறந்தேன். வெந்நீர் எட்டிப் பார்ப்பதற்குள் இரண்டு சொம்பு பச்சைத்தண்ணீர் வீண்! அதைப் பாத்திரம் கழுவப் பிடித்து வைக்கலாம், சரி. 10 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க, கணக்குப்படி சுமார் 30 கிராம் கேஸ் போதும். அப்படியென்றால் கேஸைத் தின்பது கீசரை நாள் முழுக்க ஆனில் விடுவதுதானா? குளிக்கும் முன் மட்டும் போட்டால் போதுமா? "பக்கெட்டும் சொம்பும் இருக்க ஷவர் எதுக்கு" என்பது மாமியார் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அப்புறம், நம்மூர் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும். அது பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டினால் சரியாக ஆவியாகாது. ஊட்டியில் உறைபனி விழும் விடியலில் அடுப்பு ஒழுங்காக எரிந்ததா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள். சிலிண்டரைச் சூடுபடுத்துவது, ஜன்னலை அடைத்து அடுப்பில் குளிர்காய்வது மாதிரி யோசனைகள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.