புள்ளியியல் பேராசிரியரின் மேசைக்கு வந்து சேர்பவை

புள்ளியியல் பேராசிரியர் என்றால் கரும்பலகையில் நிகழ்தகவு நடத்துபவர் என்றுதான் வெளியில் நினைப்பு. பணிக்காலத்தில் பெரும் பங்கு மற்ற துறைக்காரர்களின் டேட்டாவுக்கே போய்விடும். கதவைத் தட்டுபவரின் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "சார், எத்தனை பேர் எடுத்தா போதும்?" 385 என்ற எண்ணை எங்கேயோ பார்த்துவிட்டு வந்திருப்பார். 1.96ஐ வர்க்கப்படுத்தி, 0.5 × 0.5ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16, அதை மேலே தூக்கி 385. எத்தனை சதவீதம் பேர் என்பதை 95% நம்பிக்கையோடு, கூடக்குறைய 5 புள்ளிக்குள் மதிப்பிட மட்டுமே இந்தக் கணக்கு. 3 புள்ளிக்குள் வேண்டுமென்றால் 1,068 ஆகிவிடும். இரண்டு சராசரிகளை ஒப்பிட வந்தவருக்கு 385ஆல் ஒரு பிரயோஜனமும் இல்லை. எவ்வளவு வித்தியாசம் இருந்தால் அது பொருட்படுத்தத் தக்கது, திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) ஏறத்தாழ எவ்வளவு என்ற இரண்டும் தெரிய வேண்டும். அதைக் கேட்காமல் யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள்.

*

மேலே உள்ள கணக்கு, ஆட்களைத் தனித்தனியாகச் சமவாய்ப்பு முறையில் எடுத்தால்தான் செல்லும். நடைமுறையில் வகுப்பு வகுப்பாக, வார்டு வார்டாக அள்ளிக்கொண்டு வருவார்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், அதனால் 20 பேரைக் கேட்டாலும் 20 பேரின் தகவல் கிடைக்காது. கொத்துக்கு (ஒரு வகுப்பு அல்லது வார்டுக்கு) 20 பேர், உள்ளொட்டுறவு (ஒரே கொத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.05 என்றால் பெருக்கும் காரணி 1 + 19 × 0.05 = 1.95. 385 இப்போது 751. அதில் 20% பேர் பதில் தரமாட்டார்கள் என்றால் 0.8ஆல் வகுக்க வேண்டும், 939 வரும். இங்கே பலர் 20% கூட்டி 902 என்று எழுதிவிடுவார்கள். 902இல் 80% வெறும் 722 தானே, 751க்கு எட்டாது.

*

மாதிரி அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வந்த ஃபைலைத் திறந்ததும் பார்க்க வேண்டியது. ஒவ்வொரு பத்திக்கும் (காலம்) மீச்சிறு, மீப்பெரு மதிப்பு. வயது சொல்லாதவருக்கு 99 என்று போட்டிருப்பார்கள். 45 பேரின் சராசரி 40, விடுபட்ட 5 பேருக்கு 99 என்றால் மொத்தச் சராசரி 45.9 ஆகிவிடும். திட்ட விலக்கமும் ஊதிவிடும், ஆனால் மென்பொருள் வாயே திறக்காது.

விவசாய, உயிரியல் ஆராய்ச்சிகளில் வேறொரு தொல்லை உண்டு. உரம் போட்டது 3 தொட்டி, போடாதது 3 தொட்டி. தொட்டிக்கு 10 இலை அளந்துவிட்டு "30க்கு 30" என்பார்கள். உரம் போட்டது தொட்டிக்கு, இலைக்கு அல்ல. ஆக 3க்கு 3தான். இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். தீசிஸ் பைண்டிங்குக்குப் போகிற நேரத்தில்தான் வந்திருப்பார்.

*

பரிசோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பது மாதிரி என்று புள்ளியியல் மேதை ஆர். ஏ. ஃபிஷர் 1938லேயே இந்தியப் புள்ளியியல் மாநாட்டுத் தலைமையுரையில் சொன்னது இதைத்தான்.

*

இன்று ஓய்வில் இருக்கும் தலைமுறை பஞ்ச் கார்டில், அதாவது துளையிட்டுத் தரவும் நிரலும் பதியும் அட்டையில், தொடங்கியது. கார்டுக்கு 80 பத்தி. ஃபோர்ட்ரான் என்ற கணிப்பொறி மொழி நிரலில் 73 முதல் 80 வரை வரிசை எண்ணுக்கு. கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் குறுக்காக ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். கீழே விழுந்து கலைந்தால் எந்தக் கார்டு இடம் மாறியிருக்கிறது என்று கோடு உடைந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

அந்தக் காலத்துக் கணிப்பொறிப் பழக்கம் இன்றும் உதவும். 10001, 10002, 10003 ஆகியவற்றின் வேரியன்ஸ் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 1. புத்தகத்துச் சுருக்க வழியில் போனால், வர்க்கங்களின் கூட்டுத்தொகை 300120014. கழிக்க வேண்டியது சராசரியின் வர்க்கத்தைப் போல 3 மடங்கு, 300120012. மீதி 2, அதை 2ஆல் (எண்ணிக்கையில் ஒன்று குறைத்து) வகுத்தால் 1. 7 இலக்கம் மட்டும் வைத்திருக்கும் இயந்திரத்தில் அந்த 2 காணாமல் போய் விடை 0 வரும், சமயத்தில் எதிர்மறையாகவும் வரும். முதலில் 10000ஐக் கழித்துவிட்டு 1, 2, 3க்குப் போட்டால் பிரச்சினையே இல்லை.

*

ஓய்வுக்குப் பிறகும் தீசிஸ் மதிப்பீடு, மருந்துச் சோதனைகளின் தரவுக் கண்காணிப்புக் குழு என்று வேலை தொடரும். தீசிஸில் முதலில் எண்ண வேண்டியது எத்தனை சோதனை போட்டிருக்கிறார்கள் என்பதை. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்தில், ஒன்றையொன்று சாராத 20 சோதனையை 5% மட்டத்தில் போட்டால், ஒன்றாவது "சிக்னிஃபிகண்ட்" என்று வர 64% வாய்ப்பு.

அறையைக் காலி செய்யும்போது ஃபைலை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு, குறியீட்டு விளக்கத் தாளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு. பால் என்ற பத்தியில் 1, 2 மட்டும் இருந்தால், கர்ப்பம் பதிவான வரிசைகளைப் பார்த்து எது பெண் என்று பிடித்துவிடலாம். கல்வி என்ற பத்தியில் 1 முதல் 7 வரை இருந்தால், 4 என்பது பள்ளிப் படிப்பா, டிப்ளமோவா என்று அந்தத் தாள் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.