துடிப்பு விட்டுவிட்டுக் கேட்கிறது: இந்தக் குதிரையை ஓட்டலாமா?

லாயம்_12:
4 வயது தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), எடை 480 கிலோ. நேற்று முன்தினம் 1600 மீட்டர் ஓட்டத்தில் நன்றாக வந்துகொண்டிருந்தது, கடைசி 500 மீட்டரில் சட்டென்று வேகம் இழந்து பின்தங்கிப்போனது. நொண்டல் இல்லை, காய்ச்சல் இல்லை, தீனி ஒழுங்காக எடுக்கிறது. இன்று காலை ஸ்டெதாஸ்கோப்பில் நிமிடத்துக்கு 36 துடிப்பு, ஆனால் நடுநடுவே விட்டுப்போகிறது. பயிற்சியாளர், "நல்ல குதிரைக்கெல்லாம் இது இருக்கும்" என்கிறார். நம்பலாமா?

ஈசிஜி_மேசை:
அவர் சொல்வது பாதி சரி. ஓய்வில், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி அதிகம் என்பதால், திடமான குதிரைகளிலும் இரண்டாம் நிலை ஏ.வி. பிளாக் (மேலறையின் மின்தூண்டல் சிலசமயம் கீழறைக்குப் போய்ச் சேராமல் நிற்பது) சாதாரணம். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கும். மூன்று நான்கு துடிப்புக்கு ஒன்று விடும், அந்த இடைவெளி வழக்கமானதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடைவெளிக்குள் மேலறை சுருங்கும் மெல்லிய ஒலி தனியாகக் கேட்கும். குதிரையைக் கொஞ்சம் துள்ளுநடையில் விட்டால் எல்லாம் சீராகிவிடும்.

மேலறை நடுக்கம், அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அப்படியல்ல. எந்தக் கணக்கிலும் அடங்காது, அந்த மெல்லிய ஒலியும் இருக்காது. தாடைக்கு அடியில் நாடி பிடித்தால் ஒன்று பலமாகவும் அடுத்தது இளைத்தும் வரும். நடக்கவிட்டாலும் சீராகாது.

ஓய்வில் 36 என்பதை வைத்து ஆறுதல் கொள்ளாதீர்கள். நின்றிருக்கும்போது கீழறை நிதானமாக நிரம்பிவிடுவதால் மேலறையின் உதவி பெரிதாகத் தேவைப்படாது. முழு ஓட்டத்தில் துடிப்பு 200ஐத் தாண்டும்போது நிரம்ப நேரமே கிடைக்காது. அப்போதுதான் மேலறை தள்ளித்தரும் ரத்தம் இல்லாதது தெரியும். அதை ஈடுகட்ட இதயம் 240க்கு மேலும் ஓடும், குதிரை திடீரென்று கைவிட்டுவிடும். நீங்கள் சொன்னது அந்தச் சித்திரம்தான்.

ஈ.சி.ஜி. இல்லாமல் முடிவு செய்ய வேண்டாம். எதிர்மின் கிளிப்பை வலது கழுத்துப் பள்ளத்தின் கீழ்ப்பகுதியிலும், நேர்மின் கிளிப்பை இடது முழங்கைக்குப் பின்னாலும், மூன்றாவதைத் தோளிலும் மாட்டி, ஸ்பிரிட் நனைத்து, விநாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடமாவது பதியுங்கள். பி அலை (மேலறையின் மின்அலை) வந்து கியூ.ஆர்.எஸ். (கீழறையின் மின்அலை) வராவிட்டால் பிளாக். பி அலையே இல்லாமல் அடிக்கோடு நெளிந்து, ஆர்-ஆர் தூரம் (ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) ஒழுங்கற்றிருந்தால் மேலறை நடுக்கம். துடிப்பு எண்ணும் வார்க்கருவி (குதிரையின் மார்பில் வாரால் கட்டுவது) எண்ணை மட்டுமே காட்டும், அதை நம்பாதீர்கள்.

கால்நடை_இதயம்:
நடுக்கம்தான் என்றாலும் உடனே மருந்துக்கு ஓட வேண்டாம். ஓட்டத்துக்குப் பின் வரும் நடுக்கம் பலவற்றில் 24 முதல் 48 மணிக்குள் தானாகவே சரியாகிவிடும். இன்னும் அந்தக் கெடு முடியவில்லை. அதற்குள் ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம், டிரோபோனின் (இதயத்தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் புரதம்) பாருங்கள். ஃப்யூரோசமைடு என்ற சிறுநீர்போக்கு மருந்தும் வியர்வையும் பொட்டாசியத்தை இறக்கும். எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) இடது மேலறை, அதற்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு இரண்டையும் பார்க்க வேண்டும்.

தாளம் சீருக்குத் திரும்பாவிட்டால் அதைச் சீராக்கும் மருந்தான குயினிடின் சல்ஃபேட், கிலோவுக்கு 22 மி.கி., இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. உங்கள் குதிரைக்கு ஒரு வேளை சுமார் 10.5 கிராம். மூக்குவழிக் குழாயில்தான் தர வேண்டும், வாயில் பட்டால் புண்ணாகும். நான்கு வேளைக்கு மேல் அதே வேகத்தில் போகாமல் ஆறு மணி இடைவெளிக்கு மாற்றுவது வழக்கம். ஒவ்வொரு வேளைக்கு முன்பும் ஈ.சி.ஜி. வேண்டும்: கியூ.ஆர்.எஸ். தொடக்கத்தைவிட 25 சதவீதம் அகன்றால் நிறுத்தம். துடிப்பு 100ஐத் தாண்டுவது, தள்ளாட்டம், மூக்கு வீங்கி இரைப்பது, வயிற்றுவலி, இவையும் ஆபத்துக் குறிகள். மருத்துவமனையில் மட்டுமே செய்யும் வேலை இது. மருந்து ஒத்துக்கொள்ளாதவற்றுக்கு, கழுத்து நாளம் வழியாக இதயத்துக்குள் மின்வாய் செலுத்தி, மயக்கத்தில் மின்னதிர்ச்சி தருவது உண்டு.

லாயம்_12:
நன்றி ஐயா. சீரானால் எப்போது ஓட்டலாம்?

கால்நடை_இதயம்:
தானாகச் சீரானாலும், வேகப்பயிற்சியில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான். சிகிச்சையில் சீரானால் நான்கு முதல் ஆறு வாரம் ஓய்வு. நடுக்கம் மாதக்கணக்கில் நீடித்தால் மேலறைத் தசையே மாறிப்போய், மீண்டும் வரும் வாய்ப்பு கூடும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள். நடுக்கம் இருக்கும்வரை யாரையும் ஏற்றி வேகமாக ஓட்டக் கூடாது. ஓட்டத்தில் கீழறைத் தாளமும் கெட்டுக் குதிரை சரிந்தால், மேலே இருப்பவரின் உயிருக்கே ஆபத்து.

ஈசிஜி_மேசை:
ஒரே லாயத்தில் இரண்டு மூன்று குதிரைகளுக்கு ஒன்றாகத் துடிப்பு கெட்டால் தீனியைச் சந்தேகியுங்கள். கோழித்தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் சிறிதளவு கலந்தாலே குதிரையின் இதயத்தசையைச் சிதைத்துவிடும். அந்த மூட்டையை உடனே நிறுத்தி, மாதிரி எடுத்து வையுங்கள்.