ஹீஷம் பாறைக் கல்லறைகளும் புனித பத்திரிசியார் சிற்றாலயமும்

அன்பான உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறைக்கு இங்கிலாந்தின் வடபுலம் வரும் நம்மவர் பெரும்பாலும் ஏரி மாவட்டத்துக்கே நேராகப் போய்விடுகிறார்கள். வழியில், லங்காஷயர்க் கரையிலுள்ள ஹீஷம் என்ற சிற்றூரில் சற்று நேரம் தங்கிப் போகுமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மோர்கம் குடாவைப் பார்த்த பாறை மேட்டில், புனித பத்திரிசியார் பெயரிலான பழைய சிற்றாலயம் ஒன்றின் இடிபாடும் அதன் சேமக்காலையும் அங்கே உள்ளன.

அயர்லாந்தில் மறைபரப்பியவரும், யாழ்ப்பாணத்தில் கல்லூரிப் பெயராக நாம் அறிந்தவருமான அதே புனிதர்தான். கப்பல் உடைந்து அவர் இக்கரையில் ஒதுங்கினார் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர் வாழ்ந்தது 5-ஆம் நூற்றாண்டு. சிற்றாலயமோ அதற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. எனவே அதைச் செவிவழிக் கதையாகவே கொள்ளவேண்டும். ஆலயம் ஏறத்தாழ 27 அடி நீளமும் 9 அடி அகலமும் மட்டுமே கொண்டது. மணற்கல்லால் எழுப்பிய தெற்குச் சுவர் வாசலோடு நிற்கிறது. வாசலின் மேல்வளைவு ஒரே கல்லில் செதுக்கப்பட்டது. அதில் வளைவையொட்டி இழைத்த கோடுகள் இன்னும் தெரிகின்றன.

பலரும் தேடி வருவது கல்லறைகளையே. மொத்தம் எட்டுக் குழிகள், பாறையிலேயே வெட்டப்பட்டவை. பெரும்பாலும் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர். சில, தலைக்கும் தோளுக்கும் தனித்தனி வளைவு விட்டு மனித உடலின் வடிவிலேயே குடையப்பட்டுள்ளன. தலைமாட்டில் சதுரக் குழி ஒன்று இருக்கும். சிலுவை நாட்டுவதற்காக இருக்கலாம். சில குழிகள் முழு உடலைக் கிடத்தப் போதாதவை என்பதால், வேறிடத்தில் புதைத்த எலும்புகளை எடுத்துவந்து வைத்திருப்பார்கள் என்ற கருத்தும் உண்டு. இன்று அவற்றில் இருப்பது மழைநீர் மட்டுமே.

என் மனத்தை அவற்றைவிட அதிகம் தொட்டது, கண்ணுக்குத் தெரியாத மற்றச் சேமக்காலை. 1977, 1978-ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 80-க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் ஆலயத்தருகே மண்ணில் கிடைத்தன. பாறையில் இடம் பெற்றவர்கள் செல்வாக்கு மிக்கவர்களாக இருந்திருக்கவேண்டும். மண்ணில் புதைக்கப்பட்ட இவர்கள் சாதாரண மக்கள் என்றே நான் எண்ணுகிறேன். அவர்களுள் ஒரு பெண் துணியால் சுற்றப்பட்டு அடக்கம் செய்யப்பட்டிருந்தார். அவருடன் 10-ஆம் நூற்றாண்டுச் சீப்பு ஒன்றும் இருந்தது. வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து குடியேறி இங்குள்ளவர்களோடு கலந்த காலத்துச் சீப்பு அது. அவருடைய தலையை அன்றாடம் வாரிய சீப்பையே, அவரை நேசித்த ஒருவர் எடுத்துக்கொடுத்திருப்பார் என்று நம்புகிறேன். அதே அகழாய்வில், வண்ணம் தீட்டிய சாந்துப் பூச்சுடைய, இதற்கும் முந்திய சிறிய ஆலயம் ஒன்றின் தடயங்களும் வெளிப்பட்டன.

ஒரு வேண்டுகோள். படமெடுப்பதற்காகப் பிள்ளைகளைக் குழிகளுக்குள் படுக்கவைக்கும் வழக்கம் அங்கே உண்டு; நம்மவர் அதைச் செய்யவேண்டாம். மணற்கல் மென்மையானது, கால் பட்டுத் தேயும். அதைவிட முக்கியமாக, அது ஒருவர் அடக்கமான இடம்.

மேட்டின் அடிவாரத்தில் புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. அதனுள்ளே, பன்றி முதுகுபோல் வளைந்த வைக்கிங் காலக் கல்லறைக் கல் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆலயம் எப்போதும் திறந்திருக்காது; நேரத்தை விசாரித்துக்கொண்டு, அதை முதலில் பார்த்துவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.