சூளகிரி ஏற்றத்தில் கறுப்புப் புகை

குழு: ஈஜிபுரா சொந்தங்கள்

செல்வம்: முருகன் மாமா, பிக்கப் வண்டி மறுபடியும் படுத்துகிறது. கிருஷ்ணகிரியில் மாங்காய் ஏற்றிக் கிளம்பினேன். சூளகிரி ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு மேல் இழுக்கவே இல்லை. பின்னால் ஒரே கறுப்புப் புகை. பெங்களூரு சிங்கேன அக்ரஹாரம் பழ மார்க்கெட் வந்து சேர விடிந்துவிட்டது.

செல்வம்: மெக்கானிக்கிடம் காட்டினேன். 3.5 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, பிஸ்டன் ரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்கிவிடலாம் என்கிறார்.

தேவி: முன்பணமும் கேட்கிறார் மாமா. பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிற மாதம் இது.

முருகன் மாமா: பணம் எதுவும் கொடுக்காதே அம்மா. செல்வம், ஆயில் குறைகிறதா? காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறதா?

செல்வம்: ஆயில் டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டிலேயே நிற்கிறது. செல்ஃப் அடித்ததும் எடுத்துவிடுகிறது.

முருகன் மாமா: ரிங் தேய்ந்த வண்டி ஆயில் குடிக்கும், நீலப் புகை தள்ளும், காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். உன்னுடையது கறுப்புப் புகை. டீசல் இறங்குகிறது, எரிக்கக் காற்று போதவில்லை. காற்று வரும் வழியைப் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர்?

செல்வம்: அது புதிது மாமா.

முருகன் மாமா: சரி. ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயின் மேல் தலைகீழாகச் சும்மா வை. லேசாக ஆடலாம். துள்ளி விழுந்தால், புகை குபுகுபுவென்று வந்தால், அப்போது ரிங்கைப் பற்றிப் பேசலாம். மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்றும் பார். இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது.

செல்வம்: [வீடியோ] லேசாகத்தான் ஆடுகிறது. உள்பக்கம் வெறும் கறுப்பு ஆயில்.

பிரபு: அண்ணா, டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர் பைப்பை ஒவ்வொன்றாக லூஸ் பண்ணிப் பார்த்தால் எந்த சிலிண்டரில் கோளாறு என்று தெரியுமே?

முருகன் மாமா: கூடவே கூடாது! அது பழைய பம்ப் வண்டிக்குச் செய்வது. இது காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும். உள்ளே அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்கும்படி ஆகிவிடும்.

பிரபு: சரி மாமா, தெரியாது.

முருகன் மாமா: செல்வம், இன்ஜின் ஆறட்டும். அப்புறம் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அதை ஆறவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸை அடிப்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார். கிளிப் பக்கத்தில்.

செல்வம்: [படம்] மாமா, கீழ்க் கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கில் மண் அப்பியிருக்கிறது. சும்மா பார்த்தால் தெரியவில்லை, ஹோஸை மடக்கினால்தான் பிளந்துகொள்கிறது.

முருகன் மாமா: அதேதான். லோடோடு ஏறும்போது டர்போ அழுத்தம் கூடும், அந்த வெடிப்பு வழியாகக் காற்று வெளியே போய்விடும். காலி வண்டியில் சமதரையில் அவ்வளவாகத் தெரியாது. உஸ்ஸென்று சத்தம் வந்திருக்குமே?

செல்வம்: ஆமாம் மாமா. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும்.

முருகன் மாமா: புது ஹோஸ் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பழைய ஹோஸைக் கையோடு எடுத்துப் போ, வளைவும் வாய் அளவும் பொருந்த வேண்டும். கிளிப் இரண்டும் புதிது போடு. டேப் சுற்றி ஓட்டாதே. டீசல் ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிடு.

தேவி: அதற்குப் பிறகும் புகை வந்தால் மாமா?

முருகன் மாமா: அடுத்தது புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வு, அப்புறம் இன்ஜெக்டர். அதிலும் ஒன்றும் இல்லையென்றால், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லி, நான்கு சிலிண்டருக்கும் அளவை எழுதி வாங்குங்கள். அந்த அளவைப் பார்க்காமல் யார் சொன்னாலும் இன்ஜினைத் திறக்க விடாதீர்கள். இத்தனை வருஷம் உங்களுக்குச் சோறு போட்ட வண்டி அம்மா அது.

செல்வம்: ஹோஸ் மாட்டியாச்சு மாமா. அத்திபெலே வரை போய் வந்தேன், நான்காவது கியரில் நன்றாக இழுக்கிறது. ராத்திரி பாதி லோடு மட்டும் ஏற்றிச் சூளகிரி ஏறிப் பார்க்கிறேன்.

முருகன் மாமா: கிருஷ்ணகிரியில் லோடு ஏற்றும் முன் கிளிப்பை இன்னொரு முறை இறுக்கு. புது ரப்பர் சூட்டில் அமுங்கும்.