புதுப்பிப்பு: கிராம்பு எண்ணெய்ச் சோதனை, கட்டுப்பாட்டு வட்டிலும் தெளிவு வளையம் வந்த சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேதியியல் மாணவர்கள் நீராவியில் வடித்து, டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்த கிராம்பு எண்ணெயை நுண்ணுயிரியல் மாணவர்கள் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா மீது சோதித்தபோது, ஒப்பீட்டுக்காக வெறும் கரைப்பான் மட்டும் இட்ட கட்டுப்பாட்டு வட்டைச் சுற்றியும் பாக்டீரியா வளராமல் தெளிவு வளையம் வந்தது, ஏன் என்று கேட்டிருந்தேன்.

முதலில் பலர் சொன்னபடி, வட்டுகளை அரைமணி நேரம் உலரவிட்டுப் பிறகு வைத்தோம். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிப்பது, அதற்குள் போயிருக்கும். ஆனாலும் வளையம் வந்தது. அப்புறம் கட்டுப்பாட்டு வட்டைத் தனி வளர்ப்புத் தட்டில் வைக்கச் சொன்ன யோசனையைச் செய்தோம். வளையம் அடியோடு காணாமல் போனது! மூடிய தட்டுக்குள் எண்ணெயின் ஆவி பரவிப் பக்கத்து வட்டையும் பாதித்திருக்கிறது. ஆவியாகும் எண்ணெய் எதைச் சோதித்தாலும் கட்டுப்பாட்டுக்குத் தனித் தட்டு வையுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: கலவையிலுள்ள பொருட்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில், கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜெனாலோடு இன்னொரு புள்ளியும் தெரிந்தது. கலப்படமோ என்று பயந்தோம். கரைப்பானில் இருந்த எண்ணெயைப் பிரிபுனலில் (கலக்காத திரவ அடுக்குகளைப் பிரிக்கும் கருவி) பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் நீர்க்கரைசலோடு குலுக்கியதும், பீனாலான (ஓஎச் தொகுதியுள்ள மென்மையான அமிலமான) யூஜெனால் நீர் அடுக்குக்குப் போய்விட்டது, அந்தப் புள்ளி மட்டும் கரைப்பானிலேயே நின்றது. கிராம்பு மொட்டில் இயற்கையாகவே உள்ள யூஜெனைல் அசிடேட்தான் அது. அதில் தனி ஓஎச் தொகுதி இல்லாததால் காரத்தோடு சேர்ந்து நீருக்குப் போகவில்லை. அமிலம், காரம் பற்றி நான் பாடமாகச் சொன்னதைவிட, அந்தப் பிரிபுனலைப் பார்த்தே மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அடுத்த பருவத்தில் இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகப் பாக்டீரியா மீது சோதிக்கப் போகிறோம்.